கோபுரத்தைக் கடைசியாகப் பாருங்கள்: டி ஹாவிலேண்டின் தேவாலயங்களைச் சென்னையில் பார்ப்பது எப்படி

எழும்பூரில் கிர்க் என்று சொல்கிற புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை முதல் பத்து வருஷம் நான் தப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்குவேன், அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பேன், "நல்ல உசரம்" என்று நினைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவேன். இத்தனைக்கும் நான் கட்டட மேற்பார்வையாளன். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கையில் இல்லாமல் வெளியே போகாத ஆள்.

அக்கா மகள் கட்டடக்கலை படிக்கப் போனபோதுதான் அந்தப் பார்வை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயம் கட்டிய ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்டது தாமஸ் ஃபியாட் டி ஹாவிலேண்ட். "மாமா, ஆளைப் பத்தித் தேடினா ஒரு பக்கம்தான் தேறுது. கட்டடத்தைப் பாத்து எழுதிடலாமா?" என்று கேட்டாள். சரி வா என்று கூட்டிப்போனேன். அன்றைக்குத் தட்டுத்தடுமாறி வரிசை மாற்றிப் பார்த்தோம். அப்புறம் நாலைந்து முறை வேறு வேறு ஆட்களோடு போய் வரிசையைச் சரிசெய்துகொண்டேன். இங்கே எழுதுவது அந்தத் திருத்திய வரிசை. ஒரு காலைப்பொழுது போதும்.

கிளம்பும் முன்பு ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நிறைய வேண்டாம். இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் குவெர்ன்சி தீவில் 1775-ல் பிறந்தவர். பதினாறு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, சென்னைப் படையின் பொறியாளர் பிரிவுக்கு வந்தார். பாண்டிச்சேரி முற்றுகை, ஸ்ரீரங்கப்பட்டணம், எகிப்து என்று படையோடு அலைந்தார். 1809-ல் சென்னைப் படையின் வெள்ளைக்கார அதிகாரிகள் கவர்னருக்கு எதிராகக் கிளம்பிய கலகத்தில் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தார். சில வருஷத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சென்னையில் அவர் இருந்த பத்துப் பதினோரு வருஷத்தில்தான் நாம் பார்க்கப்போகிற எல்லாம் நடந்தது. 1825-ல் ஓய்வு பெற்றுத் தீவுக்கே திரும்பிப்போனார். 1866-ல் தொண்ணூறு வயதில் இறந்தார்.

இதில் மனதில் வைக்கவேண்டியது ஒன்றுதான். இவர் படைப் பொறியாளர். கோட்டைச் சுவர், பாலம், ரோடு, கடல் அரிப்பைத் தடுக்கும் சுவர் இவையெல்லாம் அவருக்குத் தினசரி வேலை. தேவாலயம் நடுவில் வந்தது. ஆகவே அழகை மட்டும் தேடிக்கொண்டு போனால் பாதிதான் கிடைக்கும். எடை எங்கே இறங்குகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: மூன்று மீட்டர் டேப், ஒரு நூல்கண்டு, கனமான நட்டு ஒன்று (தூக்குக்குண்டு இல்லாதவர்களுக்கு), கட்டம் போட்ட நோட்டு, பென்சில். தொலைநோக்கி இருந்தால் நல்லது. கேமராவை முதல் ஒரு மணி நேரம் பையிலேயே வைத்திருங்கள். படம் எடுக்க ஆரம்பித்தால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும், இது என் அனுபவம். ஞாயிறு காலை ஆராதனை நேரம், அளவெடுக்கப் போகாதீர்கள். மற்ற நாளில் போய், திறந்து மூடும் பணியாளரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். டேப்பை எடுத்தவுடன் கான்டிராக்டர் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் கதீட்ரல் ரோட்டில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்துக்குப் போங்கள். அண்ணா மேம்பாலத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 1816-ல் பிரதிஷ்டை ஆனபோது இது பேராலயம் இல்லை. சவுல்ட்ரி பிளெயின் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன சத்திரத்து வெளியில், தோட்டவீடுகளில் குடியிருந்தவர்களுக்காகக் கட்டிய ஊர்க்கோயில். சென்னைக்கென்று தனி பிஷப் வந்தது 1835-ல், அதிலிருந்துதான் பேராலயம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் தொடங்கியதும் இந்தக் கூரையின் கீழ்தான்.

இதன் வரைபடம் டி ஹாவிலேண்டுடையது இல்லை. அவருக்கு மூத்த பொறியாளரான ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல் வரைந்தார், இவர் நின்று கட்டினார். அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இன்னொருவர் வரைந்ததைக் கட்டும்போது ஒருவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது, அடுத்து அவரே திட்டமிட்டதைப் பார்க்கும்போது தெரியும். நீளமான கூடம், இரண்டு பக்கமும் அயோனிக் தூண்கள், உச்சியில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட இரண்டு சுருள். அந்தச் சுருளை நோட்டில் ஒரு தடவை வரைந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உள்ளே சிலைகளும் நினைவுக் கற்களும் நிறைய. திருச்சியில் 1826-ல் இறந்துபோன பிஷப் ஹீபரின் சிலை, லண்டன் சிற்பி சான்ட்ரி செய்தது, நன்றாக இருக்கும். ஆனால் அதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வேலியின் கம்பிகளை உற்றுப் பாருங்கள். துப்பாக்கிகளும் ஈட்டிகளும்தான் கம்பியாக நிற்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பிடித்தவை என்பார்கள். இந்தத் தோட்டத்தில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் எலிசபெத் டி ஹாவிலேண்ட். இவருடைய மனைவி. வருஷம் 1818. அதே 1818 ஏப்ரலில்தான் எழும்பூரில் கிர்க்குக்கு அஸ்திவாரக் கல் போட்டார்கள். இரண்டு தேதியையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டாள் அக்கா மகள். எழுதிவிட்டு, "இதுக்கு மேல நான் எதுவும் எழுதக் கூடாது, இல்ல மாமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்தது எழும்பூர். கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அவர்கள் முறைப்படி வழிபட ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்காகக் கட்டியதுதான் புனித ஆண்ட்ரூ தேவாலயம். ஊரில் எல்லோருக்கும் கிர்க். 1818-ல் தொடங்கி 1821 பிப்ரவரியில் திறந்தார்கள். இங்கே வந்ததும் நான் சொல்வது ஒன்றுதான்: தலையைக் குனியுங்கள்.

கூவம் பக்கத்தில் ஓடுகிறது. இந்தப் பகுதி மண் லேசுப்பட்டதில்லை. மழையில் ஊதும், கோடையில் சுருங்கும் களிமண் எவ்வளவு வம்பு செய்யும் என்று சென்னையில் வீடு கட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவ்வளவு எடையை அதன்மேல் எப்படி உட்காரவைப்பது? டி ஹாவிலேண்ட் நம் ஊர் உறைகிணற்றை எடுத்துக்கொண்டார். சுட்ட மண் வளையத்தைத் தரையில் வைத்து, உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட வளையம் தன் எடையில் இறங்கும். அதன்மேல் அடுத்த உறை, அப்புறம் அடுத்தது. இப்படிக் குறைந்தது 14 அடி, கூடியது 50 அடி ஆழத்துக்குக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை ஏற்றினார். ஆழம் ஒரே மாதிரி இல்லாததைக் கவனியுங்கள். கெட்டி மண் எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே நிறுத்துவதுதான் கிணற்று அஸ்திவாரத்தின் சூட்சுமம். கீழடியில் உறைகிணற்றைப் பார்த்து வியந்துபோய் வந்தவர்கள், அதன் பேரப்பிள்ளை ஒரு சர்ச்சுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னால் முழிக்கிறார்கள்.

கிணறுகள் கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பார்ப்பது? மேலே நிற்பதை வைத்துக் கீழே இருப்பதைப் படிக்க வேண்டும். கோபுரம் கனமானது, வழிபாட்டுக் கூடம் அதைவிட லேசானது. இரண்டும் ஒட்டுகிற இடத்தில்தான் ஒரு பக்கம் அதிகமாக இறங்கி விரிசல் விடும். எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் முதலில் நான் போய் நிற்கிற இடம் அதுதான். அந்த மூலையில் சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளி நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலைச் சுவரின் விளிம்போடு பொருத்திப் பாருங்கள். இருநூறு வருஷம் ஆன ஒன்றை இப்படிச் சோதித்துப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், பெரியவர் ஒருவரைத் தோப்புக்கரணம் போடச் சொன்ன மாதிரி. கண்ணளவில் பயப்படும்படி ஒன்றும் எனக்குப் படவில்லை.

இப்போது உள்ளே போங்கள். கூடம் வட்டமானது. குறுக்களவு 81.5 அடி. நடுவில் பதினாறு தூண்கள் வட்டமாக நின்று குவிமாடத்தைத் தாங்குகின்றன. பேராலயத்தில் வரைந்த சுருளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே உச்சியில் இலைக்கொத்து, இது கொரிந்தியன்.

இந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. லண்டனில் டிராஃபால்கர் சதுக்கத்து ஓரத்தில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது, 1720-களில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டியது. முன்னால் தூண் மண்டபம், அதன் முக்கோண நெற்றிக்குப் பின்னால் முளைத்தது போல எழும் கோபுரம். கிர்க்கும் அதே சாடை. ஆனால் அந்த லண்டன் சர்ச் உள்ளே நீள்சதுரம். கிப்ஸ் முதலில் வட்டமாகத்தான் யோசித்தார், செலவு அதிகம் என்று வேண்டாமென்றுவிட்டார்கள். அந்த வட்ட வரைபடத்தைத் தன் தொகுப்பில் சேர்த்து 1728-ல் அச்சடித்துவிட்டார். லண்டன் வேண்டாமென்ற அந்த வட்டத்துக்குத் தொண்ணூறு வருஷம் கழித்து எழும்பூரில் சுவர் எழும்பியது. காப்பியடித்தார் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. காகிதத்தில் இருந்த வட்டத்தைக் களிமண்மேல் நிறுத்திப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அளவெடுக்க ஒரு சுலப வழி. டேப்பை இழுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நடக்காதீர்கள். தரைக்கல் ஒன்றின் பக்கத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள், அப்புறம் நடைபாதை நெடுகக் கற்களை எண்ணிப் பெருக்குங்கள். வீட்டுக்கு வந்து பத்தடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, எட்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும் குறுக்களவுள்ள வட்டம் போடுங்கள். அதற்குள் தூண்கள் நிற்கும் சின்ன வட்டத்தையும் நீங்கள் எண்ணிய கணக்குப்படி போடுங்கள். பதினாறு தூணுக்குக் கோணமானி தேவையில்லை. வட்டத்தை வெட்டியெடுத்து நான்கு தடவை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் பதினாறு மடிப்புக்கோடு கிடைக்கும். ஒவ்வொரு கோடும் சின்ன வட்டத்தை வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி. என் அப்பா தூணுக்குப் பட்டை பிரித்தது இதே மாதிரி நூலை மடித்துத்தான்.

இனி மேலே பார்க்கலாம். குவிமாடம் ஆழ்ந்த நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்து வானத்தில் தெரிகிற நட்சத்திரங்கள் என்று சொல்லிக்காட்டுவார்கள். வெயிலில் வந்த கண்ணுக்கு இரண்டு நிமிஷம் பொறுத்துத்தான் நீலம் முழுசாகத் தெரியும், அவசரப்படாதீர்கள். அந்த நீலத்துக்குப் பின்னால் செங்கல் சட்டம் இருக்கிறது. சட்டங்களின் இடைவெளியைச் சுட்ட மண் கூம்புகளால் அடைத்திருக்கிறார். கூம்பு உள்ளே காலி, ஆகவே எடை குறைவு. கீழே உறை, மேலே கூம்பு. அடியிலும் முடியிலும் அவருக்குக் கைகொடுத்தது குயவர் சூளைதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா மகள் தன் கட்டுரை முழுவதையும் எழுதினாள்.

பிறகு தூணுக்கு வாருங்கள். வெள்ளையாக, வழவழப்பாக, பளிங்கு போல இருக்கும். பளிங்கு இல்லை, செங்கல்மேல் பூசிய சுண்ணாம்பு. மெட்ராஸ் சுனாம் என்று வெளியூர்க்காரர்கள் வாய்பிளந்து எழுதியது இதைத்தான். என் அப்பா தேவகோட்டைப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இந்த வேலை பார்த்தவர், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவேன். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, மணலோடு செக்கில் அரைப்பார்கள். முதல் பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேரும். மேல்பூச்சு வரவரச் சாந்து நைஸாகும். கடைசிப் பூச்சுக்கு மாவு போல அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் தயிர், நெய். ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று கேட்டால், "உன் மூஞ்சி தெரியற வரைக்கும்" என்பார் அப்பா. விளையாட்டுக்குச் சொன்னது இல்லை, நிஜமாகவே தெரியும்.

பூச்சு பழசா, பின்னால் ஒட்டுப்போட்டதா என்று கண்டுபிடிக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சில் வெளிச்சம் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். சிமென்ட் ஒட்டு இருந்தால் அங்கே மங்கலாகத் தட்டும், ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும், அடியில் உப்புப் பூத்திருக்கும். நகத்தால் கீறிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தில், பெயர் வேண்டாம், நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். உதிர்ந்த சுண்ணாம்பின்மேல் சிமென்ட் பூசச் சொன்னார்கள், பூசினேன். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் சிமென்ட் பலகை பலகையாக விழுந்தது, பழைய சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடும். அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

வாத்தியக் குழாய்கள், வண்ணக் கண்ணாடி எல்லாம் பின்னால் வந்தவை. ஆர்கன் 1883-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அவை அழகுதான், ஆனால் நம் ஆளுடையவை இல்லை. ஒரு கட்டடத்தில் எது யாருடையது என்று பிரித்து வைப்பது இந்த மாதிரிப் பார்வைக்கு ரொம்ப முக்கியம். நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். 1821 வரை ஒன்று, அதற்கப்புறம் வந்ததெல்லாம் இன்னொன்று.

சரி, இப்போது வெளியே வந்து கோபுரத்தைப் பார்க்கலாம். உயரம் 166.5 அடி, ஏறத்தாழ 51 மீட்டர். கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக அளந்து பார்க்க ஆசையிருந்தால் நிழலை வைத்து அளக்கலாம். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலும் ஒரு மீட்டர் ஆகும் வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் கோபுர நிழலின் நீளம் கோபுர உயரம். ஆனால் நிழலைச் சுவரிலிருந்து அளந்தால் கணக்குத் தப்பும். உச்சி, கோபுரத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்கிறது, ஆகவே அடிப்பாகத்தின் பாதி அகலத்தையும் சேர்க்க வேண்டும். நாங்கள் முதல்முறை அதைச் சேர்க்கவில்லை, கோபுரம் குள்ளமாகிவிட்டது. நிழல் முனை மரத்தின் மேலோ மதிலின் மேலோ விழுந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், வேறு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் மிச்சமிருந்தால், திரும்பும்போது அண்ணா சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்காருங்கள். மவுண்ட் ரோட்டைச் சீர்படுத்தியதிலும் அவர் கை இருக்கிறது. கடல் ஜார்ஜ் டவுனைக் கடிக்காமல் இருக்கக் கரையோரம் சுவர் போட்டதும் அவர்தான். கண்ணுக்குக் காட்ட அதில் இப்போது அதிகம் இல்லை.

காட்ட இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். மைசூருக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். காவிரிக்கு அகலமான, தட்டையான செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்று இளவயதில் அங்கே இருந்தபோது சொன்னார், நிற்காது என்று சிரித்தார்கள். மனிதர் வாதாடவில்லை. தன் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் அகலமுள்ள ஒரே வளைவைச் செங்கல்லால் கட்டி நிறுத்திவிட்டார். அதற்கு அடியில் ஆறும் இல்லை, மேலே பாதையும் இல்லை. சொன்னது நிற்கும் என்று காட்டுவதற்கு மட்டும் கட்டியது. 1937 வரை நின்றது. வளைவு விழுந்துவிட்டது, இரண்டு முனையிலும் அடிக்கட்டைகள் மட்டும் இருக்கின்றன.

அங்கே போனால் முதலில் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். அப்புறம் இரண்டுக்கும் நடுவே காலடி எண்ணி நடங்கள். எனக்கு நாற்பதைத் தாண்டியது. பாதி வழியில் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று அக்கா மகள் திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.